டிரெட்மில்லைக் கேலி செய்பவர்களுக்கு ஒரு பதில்

பென்ஷனர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் டிரெட்மில் என்ற சொல் விழுந்தால் போதும், சிரிப்பு கிளம்பிவிடும். "ஓசியில் நடக்கத் தெரு இருக்கும்போது காசைக் கொட்டி வீட்டுக்குள் நடக்கிறாராம்" என்பார் ஒருவர். "செக்குமாடாவது ஒரு வட்டம் சுற்றும், இவர் நின்ற இடத்திலேயே நடக்கிறார்" என்பார் அடுத்தவர். "ஆறு மாதம் போகட்டும், அதில் துண்டு காயும்" என்று மூன்றாமவர் முடித்துவைப்பார். வாங்கியவர் அசட்டுச் சிரிப்பு சிரித்துப் பேச்சை மாற்றுவார். அவருக்காகத்தான் இந்தப் பதிவு.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் வசிக்கும் அறுபது தாண்டியவருக்கு, வீட்டில் மெல்ல நடக்க உதவும் ஒரு சரியான டிரெட்மில் ஆடம்பரப் பொருள் இல்லை. அது கேன் தண்ணீர் மாதிரி. நம்மில் எத்தனை பேர் இன்று குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கிறோம்? வாசலில் இருபது லிட்டர் கேன் வந்து இறங்குகிறது, அல்லது சமையலறைச் சுவரில் ஒரு ஃபில்டர் தொங்குகிறது. அதற்காக யாரும் யாரையும் கேலி செய்வதில்லை. குழாய் சரியில்லை என்று தண்ணீரை விலைக்கு வாங்குகிறவர் விவரமானவர்; தெரு சரியில்லை என்று நடக்கத் தரையை விலைக்கு வாங்குகிறவர் மட்டும் கோமாளியா?

மூன்று கேலிகளையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

ஓசித் தெரு எங்கே இருக்கிறது?

சி.டி.எச். ரோட்டில் பாடியிலிருந்து ஆவடிப் பக்கம் ஓரமாகவே நடந்து பாருங்கள். நடைபாதை என்று ஒன்று தொடங்கும், ஒரு டிரான்ஸ்ஃபார்மரில் போய் முட்டும். மறுபடி தொடங்கும், ஒரு கடையின் படிக்கட்டில் முடியும். அதற்குப் பிறகு லாரியும் கம்பெனி பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் போகிற தார்ச்சாலையின் விளிம்புதான் நமக்கு. பூந்தமல்லிக்காரர்கள், கலங்கரை விளக்கம் முதல் பூந்தமல்லி பைபாஸ் வரையான மெட்ரோ தடத்துக்காக வருஷக்கணக்கில் தடுப்புத் தகரங்களுக்கு நடுவில் வாழ்ந்தவர்கள். உள்தெருவில் நடக்கலாமே என்பீர்கள். கழிவுநீர்க் குழாய்க்கு ஒரு தடவை, குடிநீர்க் குழாய்க்கு ஒரு தடவை, கேபிளுக்கு ஒரு தடவை என்று தோண்டி மூடிய தெருவில் நம் கண் முழுக்கக் கீழேதான் இருக்கும். நிமிர்ந்து நடந்தால்தானே அது நடைப்பயிற்சி? ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் அந்தக் குனிந்த நடைக்கும் வழியில்லை.

காகிதத்தில் நமக்கு ஒரு குறையும் இல்லை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, நடைபாதையில் தடங்கலின்றி நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் விட வேண்டும். சென்னை மாநகராட்சி 2014-ல் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கு என்றே ஒரு கொள்கை அறிவித்தது. 2018-க்குள் 80 சதவீதத் தெருக்களில் நடைபாதை என்பது அதன் இலக்கு. அம்பத்தூர் 2011-லேயே சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டதால் அந்த வாக்குறுதி எங்களுக்கும் சேர்த்துத்தான். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே, தடையில்லாத நடைபாதை என்பது அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்று சொல்லிவிட்டது. கோப்புகளோடு காலம் தள்ளியவன் நான். அவற்றின் மேல் எனக்கு மரியாதை உண்டு. கோப்பு நகரும் என்பதிலும் நம்பிக்கை உண்டு. ஆனால் அது நகர்ந்து வரும்வரை நம் முழங்கால் காத்திருக்காது.

2023 நவம்பரில் அரசு "நடப்போம் நலம் பெறுவோம்" என்று மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைப்பாதையைத் தொடங்கியது. நல்ல எண்ணம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் சென்னைக்கான பாதை பெசன்ட் நகரில் இருக்கிறது. அம்பத்தூரிலிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறி அங்கே போய் நடந்துவிட்டுத் திரும்புவதற்குள் மத்தியானச் சாப்பாட்டு நேரம் ஆகிவிடும்.

மாட்டையும் நாயையும் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. 2023 ஆகஸ்டில் அரும்பாக்கத்தில் பள்ளி விட்டு வந்த சிறுமியை மாடு முட்டிப் புரட்டிய காட்சியை நாம் எல்லோரும் டிவியில் பார்த்தோம். அதே வருஷம் அக்டோபரில் திருவல்லிக்கேணியில் மாடு முட்டிய ஒரு பெரியவர் பிழைக்கவே இல்லை. எனக்குத் தெரிந்த ஒருவர், தினமும் காலை ஐந்தரைக்கு நடக்கப் போகிறவர், மழைநீர்க் கால்வாயின் உடைந்த மூடியில் கால் வைத்தார். இடுப்பு எலும்பு. ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது, ஆனால் அதற்குப் பிறகு அவர் தெருவில் இறங்கவில்லை. ஒரு வருஷத்துக்குள் வாசல் திண்ணை வரைக்கும், அப்புறம் கட்டில் வரைக்கும் என்று அவருடைய உலகம் சுருங்கிப்போனது. நம் வயதில் விழுவது என்றால் என்ன என்று கேலி பேசுகிறவர்களுக்கும் தெரியும். ஒரு தடவை விழுந்தால் போதும், நடையே நின்றுவிடும்.

பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவர்கள் இந்தப் பதிவை இத்தோடு நிறுத்திவிட்டுச் செருப்பை மாட்டலாம். 2019-ல் திறந்த அந்த நடைபாதை நம் பக்கத்துக்குக் கிடைத்த பாக்கியம். நல்ல பூங்கா கைக்கெட்டும் தூரத்தில் உள்ளவர்களுக்கும் அதையேதான் சொல்வேன். அந்த பாக்கியம் இல்லாத மற்றவர்களுக்காகப் பேசுகிறேன்.

மிஷின் நடை நடை இல்லையா?

செக்குமாடு என்கிற கேலிக்கு ஒரு சரித்திர ஆதாரம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். 1818-ல் இங்கிலாந்தில் வில்லியம் கியூபிட் என்ற பொறியாளர் சிறைக் கைதிகளுக்காகக் காலால் மிதித்துச் சுழற்றும் பெரிய சக்கரம் ஒன்றை வடிவமைத்தார். டிரெட்மில் என்ற பெயர் அங்கிருந்துதான் பிரபலமானது. வ.உ.சி.யைக் கோவைச் சிறையில் செக்கிழுக்க வைத்ததும் இதே மாதிரி புத்தியில் பிறந்த தண்டனைதான். வெள்ளைக்காரனே 1898-ல் சட்டம் போட்டுத் தன் நாட்டில் அந்தச் சக்கரத்தை ஒழித்தான்.

ஆனால் அதற்கப்புறம் இந்த இயந்திரம் எங்கே போனது? ஆஸ்பத்திரிக்கு. 1963-ல் ராபர்ட் புரூஸ் என்ற அமெரிக்க இதய மருத்துவர் வகுத்த முறைப்படிதான் இன்றும் பல இடங்களில் டி.எம்.டி. டெஸ்ட் எடுக்கிறார்கள். மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம், 10 சதவீத ஏற்றம் என்று தொடங்கி, மூன்று நிமிஷத்துக்கு ஒரு தரம் இரண்டையும் கூட்டுவார்கள். நம்மில் பாதிப் பேர் மார்பில் ஒயரை ஒட்டிக்கொண்டு அதில் மூச்சு வாங்கியவர்கள்தானே? நம் இதயம் எவ்வளவு தாங்கும் என்று டாக்டர் முடிவுகட்ட அந்த நடை போதுமாம். அதே இதயத்தைப் பேணுவதற்கு மட்டும் அது நடை இல்லையாம். இது என்ன நியாயம்?

நான் பள்ளியில் படித்தது பிரெஞ்சு வழியில். அந்த மொழியில் இதைத் "தப்பி ரூலான்" என்றும் சொல்வார்கள். உருளும் கம்பளம் என்று அர்த்தம். தமிழ்க் காதுக்கு அந்த முதல் சொல் வேறு மாதிரி கேட்கும். சி.டி.எச். ரோட்டிலிருந்து தப்பி வந்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன கணக்கு, வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம் மிதமான உடலுழைப்பு. அறுபத்தைந்து தாண்டியவர்களுக்கும் அதேதான். தினம் அரை மணி, வாரத்தில் ஐந்து நாள். பத்தாயிரம் அடி என்று வாட்ஸ்அப்பில் பயமுறுத்துகிறார்களே, அது 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்த எண். அதற்காக மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்த 150 நிமிஷம் தவறாமல் நடக்கிறதா என்பதே கேள்வி. மழை என்றும், மாடு என்றும், பனி என்றும் வாரத்தில் மூன்று நாள் தப்பிப்போகிற தெரு நடையைவிட, தப்பாத மிஷின் நடை உசத்தி.

சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னொரு விஷயம். அமெரிக்காவின் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 2013-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சிறிய ஆய்வுதான், பத்து முதியவர்கள். மூன்று வேளையும் சாப்பிட்ட பிறகு 15 நிமிஷம் டிரெட்மில்லில் நடந்தபோது அவர்களுடைய சர்க்கரை நாள் முழுவதும் கட்டுப்பட்டது. குறிப்பாக, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் ஏறுகிற சர்க்கரையை அந்தச் சிறு நடை நன்றாகக் குறைத்தது. இப்போது சொல்லுங்கள். ராத்திரி எட்டரை மணிக்கு, இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, பாதித் தெருவிளக்கு எரியாத தெருவில், நாய்க் கூட்டத்துக்கு நடுவில், எழுபது வயது அம்மாவை நடந்துவிட்டு வா என்று அனுப்புவீர்களா? ஹாலில் ஒரு மிஷின் இருந்தால் செய்தி முடிவதற்குள் அவர் நடையும் முடிந்துவிடும்.

மொட்டை மாடியில் எட்டு போடலாமே என்பவர்கள் உண்டு. முடிந்தவர்கள் போடுங்கள். ஆனால் எட்டு நடை என்றால் ஓயாமல் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். தலைசுற்றல் உள்ளவருக்கும் மூட்டு தேய்ந்தவருக்கும் அந்தத் திருப்பம்தான் எமன். மாடிக்கு ஏறி இறங்குவது தனி.

மிஷின் தராதவையும் உண்டு, மறைக்க மாட்டேன். காலை வெயில் அதில் கிடைக்காது. பேச்சுத்துணை கிடைக்காது. சமநிலைப் பயிற்சியும் முழுசாகக் கிடைக்காது. முதியவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கும் தசை வலுவுக்குமான பயிற்சி செய்ய வேண்டும் என்று அதே உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதற்கு சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது போன்றவை போதும். வெயிலுக்கு வாசலில் பத்து நிமிஷம் உட்காருங்கள்.

கடையில் ஏமாறாமல் இருக்க

மூன்றாவது கேலிக்கு, அதாவது துண்டு காயும் என்பதற்கு, பாதிப் பதில் வாங்குகிற இடத்திலேயே இருக்கிறது. தப்பான மிஷினில்தான் துண்டு காய்கிறது. நியூஜெர்சியிலிருந்து பையன் ஆன்லைனில் ஆர்டர் போட்டு அப்பா அம்மாவுக்கு அனுப்புகிற மிஷின்கள் இதில் அதிகம். பாசம் பெரிசுதான், ஆனால் ஏறப்போவது அவன் கால் இல்லையே. ஷோரூமுக்கு நீங்களே போங்கள். நடக்கப்போகிற ஷூவை மாட்டிக்கொண்டு போய், பத்து நிமிஷம் நடந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

விற்பனைப் பையன் முதலில் "நாலு ஹெச்.பி. மோட்டார் சார்" என்பான். ஒரு ஹெச்.பி. என்பது 746 வாட். நாலு என்றால் ஏறக்குறைய 3 கிலோவாட். குளியலறை கீஸரே 2 கிலோவாட்தான். அவ்வளவு மின்சாரத்தை ஒரு நடை மிஷின் அரை மணி நேரம் இழுத்தால் உங்கள் வீட்டு ஒயர் என்ன ஆகும்? அவன் சொல்வது மோட்டார் ஒரு நொடி முக்கி எட்டக்கூடிய உச்சம். "தொடர்ச்சியாக எத்தனை ஹெச்.பி.?" என்று கேளுங்கள். மெல்ல நடக்கிற நமக்குத் தொடர்ச்சியாக ஒன்றரை முதல் இரண்டு இருந்தால் தாராளம்.

அடுத்து அவன் அதிகபட்ச வேகத்தைச் சொல்வான். மணிக்கு 14, 16 கிலோமீட்டர் என்பான். நமக்கு அது எதற்கு? குறைந்தபட்ச வேகம் எவ்வளவு என்று பாருங்கள். ஒரு கிலோமீட்டர் அல்லது அதற்கும் கீழே தொடங்கி, சிறுகச் சிறுக ஏற வேண்டும். பட்டனை அழுத்தியதும் வெடுக்கென்று இழுக்கிற மிஷின் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

பிறகு கைப்பிடி. முன்னால் மட்டும் ஒரு கம்பி இருப்பது போதாது. இரண்டு பக்கமும் இடுப்பு வரை நீண்டு வரும் கைப்பிடி வேண்டும். கைப்பிடியே இல்லாமல் கட்டிலுக்கு அடியில் தள்ளுகிற மாதிரி வாக்கிங் பேட் என்று விற்கிறார்கள். ஆபீஸ் வேலை பார்க்கிற இளைஞர்களுக்கு அது சரி. நம் வயதுக்கு அது வழுக்குப் பாறை. மோட்டார் இல்லாமல் காலால் தள்ளி ஓட்டும் மலிவு மிஷினும் வேண்டாம். பெல்ட்டை நகர்த்துவதற்கே முழங்கால் தேய்ந்துவிடும்.

பெல்ட் நீளம் 45 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, அகலம் 16 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. நாம் நேர்கோட்டில் நடப்பவர்கள் இல்லை, கொஞ்சம் அசைந்து அசைந்துதான் நடப்போம். ஏறுகிற மேடை எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. எத்தனை கிலோ தாங்கும் என்று எழுதியிருப்பது உங்கள் எடையைவிட 20, 25 கிலோ கூடுதலாக இருக்கட்டும். சட்டையில் மாட்டிக்கொள்ளும் கயிறுள்ள பாதுகாப்புச் சாவி கட்டாயம்: கால் பின்வாங்கினால் சாவி பிடுங்கிக்கொண்டு பெல்ட் நின்றுவிடும். மசாஜர், ப்ளூடூத், பாட்டுப் பெட்டி எல்லாம் உங்கள் பணத்தைக் கறப்பதற்கு.

கடைசியாக, பில் போடும் முன் ஒரு கேள்வி: "பழுதானால் எங்கள் ஏரியாவுக்கு ஆள் வருவாரா, எத்தனை நாளில்?" இருபதாயிரத்துக்குள்ளிருந்து லட்சத்துக்கு மேல் வரை விலை இருக்கிறது. ஆனால் பழுது பார்க்க ஆள் வராத மிஷின் எந்த விலைக்கு வாங்கினாலும் துணிக்கொடிதான்.

வீட்டுக்கு வந்த பிறகு

பின்கட்டிலோ பால்கனியிலோ போட்டால் துண்டு காயும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கண்ணில் படுகிற இடத்தில், டிவிக்கு எதிரே போடுங்கள். பின்பக்கம் ஆறடி காலியாக விடுங்கள். பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் சறுக்கினவர் பெல்ட்டுக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொள்வார். எர்த் உள்ள தனி பவர் பிளக்கில் நேராகச் சொருகுங்கள், எக்ஸ்டென்ஷன் பெட்டி வேண்டாம், வீட்டு இன்வெர்ட்டரிலும் ஓட்ட வேண்டாம்.

கரண்ட் பில் எகிறும் என்று பயப்படுவோருக்கு ஒரு கணக்கு. நடைக்கு அரை கிலோவாட் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். தினம் அரை மணி என்றால் கால் யூனிட். இரண்டு மாதத்துக்குப் 15 யூனிட். நமக்கு இலவசமாக வருவதே 100 யூனிட்.

வேட்டியோடும், தரையைத் தொடும் நைட்டி, புடவையோடும் ஏறாதீர்கள். ஹவாய் செருப்பு கூடவே கூடாது. முதலில் இரண்டு ஓரப் பலகையிலும் கால் வைத்து நின்று, பெல்ட் மெதுவாக ஓடத் தொடங்கியபின் இறங்கி நடங்கள். காலைப் பார்க்காமல் நேரே பாருங்கள். பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும். மூச்சு முட்டினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். இதய நோய், தலைசுற்றல், மூட்டு ஆபரேஷன் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். நெஞ்சில் பாரமோ, தாடையில் கையில் வலியோ வந்தால் அந்த நிமிஷமே நிறுத்துங்கள்; நாளைக்குப் பார்ப்போம் என்பது வேண்டாம்.

பேரப்பிள்ளைகள் வருகிற வீட்டில் நடை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கி, சாவியை அலமாரியில் வையுங்கள். 2021-ல் பெலோட்டன் என்ற அமெரிக்கக் கம்பெனி, ஒரு குழந்தை இறந்தபிறகு, ஒன்றேகால் லட்சம் டிரெட்மில்களைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. கம்பெனிக்காரன் சொல்லும் காலத்தில் பெல்ட்டுக்கு அடியில் சிலிக்கான் எண்ணெய் விடுவதை மறக்காதீர்கள்.

ஒரு விஷயம் சொல்லி முடிக்கிறேன். மிஷின் வாங்கிவிட்டோம், இனித் தெரு எப்படிப் போனால் என்ன என்று இருந்துவிடாதீர்கள். கேன் தண்ணீர் வாங்குகிறவரும் குடிநீர் வரி கட்டுகிறார். அதனால் குழாயைப் பற்றிக் கேட்கும் உரிமை அவருக்குப் போய்விடவில்லை. அம்பத்தூரும் ஆவடியும் மாநகராட்சி, பூந்தமல்லி நகராட்சி. மூன்று இடத்திலும் கவுன்சிலர் இருக்கிறார். 1.8 மீட்டர், 80 சதவீதம், 2025 மே மாதத் தீர்ப்பு: இந்த மூன்றையும் எழுதி ஒரு மனு கொடுங்கள், ரசீது வாங்கி வையுங்கள். நூறு பேர் கொடுத்தால் கோப்பு கொஞ்சம் வேகமாக நகரும். அதுவரை, ராத்திரி இட்லி சாப்பிட்டபின் பதினைந்து நிமிஷம் ஹாலில் நடங்கள். யார் சிரித்தாலும் சிரிக்கட்டும்.